வீட்டு அடுப்பில் முட்டை ஃப்ரைடு ரைஸ்

ராத்திரி ஏழரை மணிக்கு யோசனை வந்து, எட்டு மணிக்குக் குக்கரைத் திறந்து, ஆவி பறக்கிற சாதத்தை அப்படியே வாணலியில் கொட்டினால் கிடைப்பது சோயா சாஸ் பொங்கல்தான். ஃப்ரைடு ரைஸ் குழைந்து போச்சு என்று எங்கள் ஆபீஸில் யார் புலம்பினாலும் நான் முதலில் கேட்பது, "சாதம் எப்போ வடிச்சே?" என்பதுதான். என்ன சாஸ், எந்த பிராண்ட் என்பதெல்லாம் அப்புறம். ஈரம் ஒழிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் காலையில் டிபன் வேலையோடு சாதத்தையும் வடித்துவிடுவேன். எங்கள் வீட்டில் நாலு பேர். 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பாசுமதி போதும். தண்ணீர் தெளிகிற வரை களைந்து 20 நிமிடம் ஊற வையுங்கள். பெரிய பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, ஊறிய அரிசியைப் போடுங்கள். ஆறாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு பருக்கையை எடுத்துக் கடித்தால் வெந்திருக்கணும், ஆனால் நடுவில் துளி விறைப்பு தெரியணும். அந்த நேரத்தில் வடித்துவிடுங்கள். குக்கர் இதற்கு வேண்டாம். எத்தனை விசில் என்று கணக்குப் போட்டாலும், ஆவி உள்ளேயே அடைந்து கிடந்து சாதம் மேலும் வெந்துகொண்டே இருக்கும்.

வடித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். சூடு தணிந்ததும் மூடி ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம். ஆற ஆற அரிசியில் உள்ள மாவுச்சத்து இறுகி, பருக்கை பருக்கையாக நிற்கும். ஃபேன் காற்றில் மேல் ஈரமும் கொஞ்சம் காயும். இன்னொரு காரணமும் இருக்கிறது. சாதத்தை மேடையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனால், பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு அது தோது. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாமல் தப்பிவிடும். அது சாதத்தில் உண்டாக்கும் நஞ்சு பிறகு எவ்வளவு வறுத்தாலும் போகாது. சாயங்காலம் மோந்து பார்த்து, கெட்ட வாசனை இல்லையே என்று தைரியம் கொள்வதில் அர்த்தமில்லை.

பாசுமதி இல்லையா? மிச்சமான பொன்னி புழுங்கல் சாதம், உதிரியாக இருந்து ஃப்ரிட்ஜிலும் இருந்திருந்தால், தாராளமாக எடுக்கலாம். வாசனை வேறு மாதிரி இருக்கும், வயிறு நிறையும். பச்சரிசி ஒட்டிக்கொள்ளும். சீரக சம்பா விற்கிற விலைக்கு அதை பிரியாணிக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்த ஈரம் காய்கறியில். கழுவிய காயைத் துணியில் துடைத்த பிறகுதான் நறுக்குவேன். பீன்ஸ், கேரட் இரண்டும் பொடிப்பொடியாக, ஒரே அளவில். முட்டைக்கோஸ் மெலிசாக. குடைமிளகாய் பாதி. வெங்காயத்தாளில் வெள்ளைப் பகுதி தனி, பச்சை தனி. பூண்டு ஏழெட்டுப் பல், பொடியாக. தக்காளி கூடவே கூடாது. காளானும் எனக்குச் சம்மதமில்லை, அது தண்ணீர் விட்டே காலத்தைக் கழிக்கும்.

இனி அடுப்பு. தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் இரைச்சலோடு எரிகிறதே, அந்த அடுப்பின் சூட்டில் கால்வாசிகூட நம் வீட்டு பர்னரில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சாதத்தை ஒரே தடவையில் போட்டால் வாணலி சில்லிட்டுப்போகும். மறுபடி சூடேறுவதற்குள் காய் வெந்து தண்ணீர் விட்டுவிடும். அதனால் இரண்டு ஈடு. எனக்கு இது வேறு வகையிலும் வசதி. மாமியார் முட்டை தொடமாட்டார். அவருக்கும் அவர் பிள்ளைக்கும் முதல் ஈட்டில் வெறும் காய்கறி போட்டுச் செய்துவிட்டு, அதே சட்டியில் எனக்கும் மகளுக்கும் முட்டை போட்டு இரண்டாவது. நல்ல கனமான இருப்புச்சட்டிதான் சரி. நான்ஸ்டிக்கை இந்தச் சூட்டில் காயவைக்கக் கூடாது, அதன் பூச்சு கெடும்.

ஒரு ஈட்டுக்குச் சொல்கிறேன். அடுப்பை ஏற்றுவதற்கு முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுவில் மிளகுத்தூள் டப்பாவைத் தேடினால் பூண்டு கருகும். சாதத்தைக் கையாலேயே உதிர்த்து வையுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் ஒரு பெரிய கரண்டி எண்ணெய், லேசாகப் புகை எழும்பும்போது, உப்புப் போட்டு அடித்த இரண்டு முட்டை. பொங்கி வரும். அரை நிமிடம்கூட வேண்டாம், முக்கால் பதத்தில் எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள்.

மறுபடி ஒரு ஸ்பூன் எண்ணெய், பூண்டில் பாதி, வெங்காயத்தாளின் வெள்ளை. வாசனை வந்ததும் பீன்ஸும் கேரட்டும், இரண்டு நிமிடம். பிறகு கோஸும் குடைமிளகாயும், ஒரு நிமிடம். மூடி போடாதீர்கள், தீயையும் குறைக்காதீர்கள். இப்போது சாதத்தில் பாதி. கொட்டியதும் கிளறத்தான் கை போகும். கையை அடக்கிக்கொண்டு அரை நிமிடம் சும்மா விடுங்கள். அடியில் இருப்பது சுளீரென்று சூடேற வேண்டும். பிறகு தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டிப் போட்டு, மறுபடி பரப்பி விட்டு, மறுபடி புரட்டி, இப்படி மூன்று நாலு தடவை. கரண்டியால் குத்திக் கிளறினால் பாசுமதி ஒடிந்து நொய்யாகிவிடும்.

வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன். சோயா சாஸ் ஒரே ஒரு டீஸ்பூன், அதையும் சாதத்தின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் விடுங்கள். சூடான இரும்பில் பட்டுச் சீறினால்தான் அந்த மணம். சாஸிலேயே உப்பு இருக்கிறது, சாதத்திலும் இருக்கிறது. ருசி பார்த்த பிறகு தேவையென்றால் போடலாம். சாதம் கறுக்கும் வரை சோயா ஊற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நம் ஊர்க் கடை ஃப்ரைடு ரைஸ் வெளிறித்தானே இருக்கும்?

அஜினோமோட்டோ பற்றிக் கேட்பீர்கள். 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற பொருளின் சுவை அது. தக்காளியிலும் அதே குளுட்டமேட் உண்டு. நான் ஒரு சிட்டிகை போடுகிறேன். வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் முட்டையைத் திரும்பப் போட்டு, வெங்காயத்தாளின் பச்சையைத் தூவி, நாலு சொட்டு வினிகர் விட்டு, ஒரு புரட்டு புரட்டி இறக்குங்கள். உடனே தட்டில் போட்டுவிடணும்; சட்டியிலேயே மூடி வைத்தால் காலையிலிருந்து விரட்டிய ஈரம் திரும்ப வந்துவிடும். தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ், நீளமாக நறுக்கிய வெங்காயம். கோபி 65 வேணும் என்று மகள் கேட்பாள். ஒரே ராத்திரியில் இரண்டு எண்ணெய்ச் சட்டி கழுவ என்னால் ஆகாது. அதை மட்டும் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.