முள்ளை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓட்டை: டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்டை விவரிக்கும் முறை

கடலடிப் படிவிலிருந்து தயாரித்த ஸ்லைடை முதன்முதலாக நுண்ணோக்கியில் வைப்பவர்களுக்கு எல்லாமே குட்டி ஊமத்தங்காய்கள் மாதிரிதான் தெரியும். உருண்டை, சுற்றிலும் முள். உடனே முள்ளின் நீளத்தை அளக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

டைனோஃபிளாஜெல்லேட் ஒரு செல் உயிர். அவற்றில் சில, உறங்கு நிலைக்காகக் கட்டிக்கொள்ளும் கூடுதான் சிஸ்ட். அதன் சுவர் அமிலத்துக்கே கரையாது, அதனால்தான் பல லட்சம் ஆண்டுகள் கழித்தும் நம் கைக்குக் கிடைக்கிறது. லிங்குலோடினியம் மகேரோஃபோரம் என்ற இனத்தை வைத்தே பழகுவோம். டெஃப்ளாண்டர், குக்சன் என்ற இரண்டு புதைபடிவ ஆய்வாளர்கள் 1955இல் ஆஸ்திரேலியாவின் மயோசீன் காலப் படிவிலிருந்து (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது) விவரித்தது. இதைக் கட்டும் உயிர் இன்றும் இருக்கிறது, கலிஃபோர்னியக் கரையில் இரவு அலைகளை நீலமாக ஒளிரவைப்பது அதுதான்.

முதல் படி, ஓட்டை. உறக்கம் கலைந்து செல் வெளியேறிய வாசலுக்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். குவியத்தை மெதுவாக ஏற்றி இறக்கி, அது எங்கே, என்ன வடிவம், எத்தனை தட்டுகள் (சுவரின் துண்டுகள்) கழன்றிருக்கின்றன என்று எழுதுங்கள். நம் இனத்தில் நடுப்பட்டைக்கு, அதாவது இடுப்பைச் சுற்றி ஓடும் பட்டைக்கு, மேலுள்ள தட்டுகளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை கழன்றிருக்கும், அதனால் ஒரே ஸ்லைடிலேயே சின்ன ஓட்டையும் பெரிய வாயும் சேர்ந்து கிடைக்கும், அதைப் பார்த்து இரண்டு இனம் என்று பிரித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சுவர். வழவழப்பா, மணல் தூவியது போலா, நார் நாராகவா? இங்கே மணல் தூவியது போல.

மூன்றாவது, முள்ளின் நுனி. எண்ணெய் லென்ஸைப் போட்டுப் பாருங்கள். மகேரா என்றால் கிரேக்கத்தில் வாள். பெயருக்கேற்ப இந்த முட்கள் உள்ளே பொள்ளலாக, அடி அகன்று, நுனி மூடிக் கூராக முடியும். ஆப்பர்குலோடினியம் சென்ட்ரோகார்பம் என்ற வேறோர் இனம் தூரத்திலிருந்து இதே போல இருந்தாலும் அதன் முள்நுனியில் குட்டிக் கொக்கிகள் இருக்கும், சுவர் நார் நாராக இருக்கும், ஓட்டையில் ஒரே தட்டுதான் கழன்றிருக்கும். ஸ்பினிஃபெரைட்டஸ் என்ற பேரினம் என்றால் நுனி மூன்றாகக் கிளைக்கும், தட்டுகளின் எல்லையில் வரப்பு போன்ற கோடுகள் ஓடும். இந்த வேறுபாடுகளை விவரிப்பிலேயே எழுதிவிடுங்கள், என்னைக் கேட்டால் படிப்பவருக்கு அதிகம் உதவுவது அந்தப் பத்திதான்.

சரி, இப்போது அளவு. உடல் விட்டம் சுமார் 30 முதல் 55 மைக்ரான். ஒரு சிஸ்டை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். முடிந்தால் 50 சிஸ்டுகள், ஒவ்வொன்றிலும் மிக நீளமான மூன்று முட்கள். சிறுமம், சராசரி, பெருமம் மூன்றையும் கொடுங்கள். ஏன் இவ்வளவு பாடு என்றால், இந்த இனத்தின் முள் நீளம் கடல்நீரின் உப்புக்கேற்ப மாறும். உப்பு குறைந்த கருங்கடலில் குட்டை முள், சில சமயம் குமிழ் போன்ற முள்கூட வரும். குட்டையாக இருக்கிறதே என்று புதுப் பெயர் வைத்தால் தவறு. ஓட்டையும் சுவரும் பொருந்தினால் அதே இனம்தான்.

கடைசியாக, படம் எடுத்த சிஸ்டின் ஸ்லைடு எண்ணையும் அது ஸ்லைடில் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளையும் குறித்து வையுங்கள், இன்னொருவர் அதே சிஸ்டைத் தேடிப் பார்க்க வேண்டுமே.