1915 சிங்கப்பூர் சிப்பாய் கலகத்தை ஒரே நாள்ல நடந்து பாக்குறது எப்படி

சிப்பாய் கலகம்னாலே நம்மாளுங்களுக்கு 1857தான், ஆனா முதல் உலகப்போர் நடுவுல சிங்கப்பூர்லயும் ஒண்ணு நடந்துச்சு, அங்க போறவங்க ஒரு நாள் ஒதுக்கினா அந்த இடங்களை எல்லாம் பாத்துடலாம்.

முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை இருக்கு. சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி சைட்ல 1915 பழைய பேப்பர் ஃப்ரீயா கிடைக்கும், பிப்ரவரி 15ல இருந்து மார்ச் கடைசி வரைக்கும் புரட்டுங்க. பெரும்பாலும் வெள்ளைக்காரன் பக்கத்து எழுத்துதான், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

காலையில அலெக்ஸாண்ட்ரா ரோடு. இங்கதான் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோட 5வது லைட் இன்ஃபன்ட்ரிங்கிற படைப்பிரிவு இருந்துச்சு, இன்னைக்கு ஹரியானா இருக்குற பக்கத்துல இருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்ங்கதான் அதுல நிறைய பேர். ஹாங்காங் அனுப்புறோம்னு ஆர்டர், ஆனா துருக்கி சுல்தானை எதிர்த்து சண்டைக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு வதந்தி, சுல்தான் அவங்களுக்கு கலீஃபா, அதாவது மதத் தலைவர் வேற. பிப்ரவரி 15ந்தேதி, சீனப் புத்தாண்டு லீவு, மதியம் மூணு மணிக்கு மேல சுட ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துல கில்மேன் பேரக்ஸ்னு இருக்குற பழைய ராணுவக் குடியிருப்பைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அந்தக் கட்டடம் 1930கள்ல கட்டினது.

அடுத்து டெம்ப்சி ஹில், அப்போ டாங்லின் பேரக்ஸ். ஜெர்மன் கைதிங்க 300 பேர் கிட்ட இங்க இருந்தாங்க, சிப்பாய்ங்க கதவைத் திறந்து துப்பாக்கி கொடுத்தும் முக்காவாசி பேர் வாங்கல. ஆனா லாட்டர்பாக்னு ஒருத்தர் சந்தடியில தப்பிச்சுட்டார், எந்தக் கப்பல் ஆபீசர்னா எம்டன், மெட்ராஸ்ல குண்டு போட்டுச்சே அதேதான், பேருக்கேத்த ஆளு! இப்போ அங்க ரெஸ்டாரண்ட்தான், காபி விலை பாத்துட்டு உட்காருங்க.

செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்லயும் விக்டோரியா ஹால்லயும் கலகத்துல செத்த பிரிட்டிஷ்காரங்களுக்கு கல்வெட்டு இருக்கு, பேரை நிதானமா படிங்க.

அவுட்ராமை சாயங்காலத்துக்கு வைங்க. அங்க இருந்த ஜெயிலை இடிச்சுட்டாங்க, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கி ஜெனரல் ஹாஸ்பிட்டல் பக்கம் மேல பாருங்க, அந்த சரிவுக்குப் பேரே சிப்பாய் லைன்ஸ், வயசான சீன டாக்ஸிக்காரங்க ஹாஸ்பிட்டலையே 'சி பாய் போ'ன்னுதான் சொல்வாங்க, அதுல இருக்குறது நம்ம சிப்பாய்தான். 1915 மார்ச் 25 அன்னைக்கு அந்தச் சரிவுல 15,000 பேர் கூடி நிக்க, கீழ ஜெயில் சுவருக்கு வெளிய கலகம் பண்ண சிப்பாய்ங்க 22 பேரை வரிசையா நிக்க வச்சு சுட்டாங்க. மொத்தத்துல மரண தண்டனை நிறைவேத்தினது 47 பேருக்கு. அவங்களுக்கு கல்வெட்டு தேடி அலையாதீங்க.

டைம் இருந்தா அந்த வருஷத்து பேப்பர்லயே இன்னொண்ணும் தேடுங்க, கலகத்துக்கு அப்புறம் ஊர்ல இருந்த இந்தியருங்க எல்லாரும், நம்ம தமிழாளுங்களும் சேத்துதான், பேரைப் பதிஞ்சு பாஸ் வாங்கணும்னு ஆர்டர் போட்டாங்க.