தனிமை அறையில் மின்சாரத்தை எங்கே மிச்சப்படுத்தலாம், எங்கே கூடாது

மின் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால், பலரும் முதலில் கை வைப்பது, தொற்று நோயாளியை வைக்கும் தனிமை அறையின் எக்ஸாஸ்ட் விசிறியில்தான். மருத்துவமனை ஏசி பராமரிப்பு என் வேலை. இதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. உள்ளே காசநோயாளியோ தட்டம்மை கண்டவரோ படுத்திருக்கும்போது அந்த விசிறியைத் தணித்தால், பாதிப்பு உள்ளே போகும் செவிலியருக்கு.

முதலில் கணக்கைப் பாருங்கள். காற்றில் பரவும் நோய்களுக்கான அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2005 வழிகாட்டுதல் பழைய கட்டடங்களுக்குக் குறைந்தது 6 என்கிறது. உள்காற்று வெளியே கசியாமலிருக்க, அறையின் அழுத்தம் நடைவழியைவிட 2.5 பாஸ்கலாவது குறைந்திருக்க வேண்டும். 4 மீட்டர் நீளம், 4 அகலம், 3 உயரம் என்றால் 48 கன மீட்டர். 12 மாற்றத்துக்கு மணிக்கு 576 கன மீட்டர். இது முழுவதையும் வெளிக்காற்றாக எடுத்து 10 டிகிரி குளிர்வித்தால், வெப்பத்தை இறக்க மட்டுமே ஏறத்தாழ 1.9 கிலோவாட் குளிரூட்டும் திறன் வேண்டும். ஈரத்தை வடிக்கும் சுமை தனி. செலவின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

ஆகவே முதல் வேலை ஓட்டை அடைப்பது. ஃபால்ஸ் சீலிங் பலகைகளின் விளிம்பு, சுவிட்ச் பெட்டி, ஆக்சிஜன் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் சீலன்ட் வைத்து மூடுங்கள். கதவின் அடியில் மட்டும் இடைவெளி இருக்கட்டும், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு மீட்டர் அகலக் கதவின் கீழ் 1 செ.மீ. இடைவெளி விட்டால், 2.5 பாஸ்கலில் மணிக்கு 45 முதல் 50 கன மீட்டர் காற்று நுழையும். மற்ற ஓட்டைகள் திறந்தே கிடந்தால் இதே அழுத்தத்தைப் பிடிக்கப் பல மடங்கு காற்றை வெளியே தள்ள வேண்டியிருக்கும். சில குழாய் சீலன்டில் தீரும் காரியத்துக்குப் பெரிய விசிறி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 12 மாற்றமும் வெளிக்காற்றாக இருக்க வேண்டியதில்லை. அறைக் காற்றை உள்ளேயே சுற்றவிட்டு நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அலகு ஒரு பகுதியை ஏற்கும். மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான அமெரிக்க ஆஷ்ரே 170 தரநிலை கேட்கும் வெளிக்காற்று குறைந்தது 2 மாற்றம். அழுத்தத்துக்குத் தேவையான எக்ஸாஸ்ட் மட்டும் குறையக் கூடாது. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை மீட்க விரும்பினால், உள்வரும் காற்று, வெளியேறும் காற்று என இரண்டு டக்டிலும் தனித்தனிச் சுருள் வைத்து இடையே நீரை ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். சுழலும் சக்கர வகை இங்கே வேண்டவே வேண்டாம். அதில் கழிவுக் காற்று கசிந்து புதுக்காற்றோடு கலக்க வழியுண்டு.

அறை காலியாக இருக்கும் நேரம்தான் நல்ல சேமிப்பு. விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிறது. ஆனால் நோயாளி போனவுடன் தணிக்காதீர்கள். காற்றிலுள்ள கிருமித் துகள்களில் 99.9 சதவீதம் வெளியேற 12 மாற்றத்தில் 35 நிமிடம், 6 மாற்றத்தில் 69 நிமிடம் ஆகும்; மூலைகளில் காற்று தேங்கும் அறையில் இன்னும் கூடும். பிறகு தணிக்கும்போது உள்வரும் காற்றை முதலில் குறைத்து, எக்ஸாஸ்ட்டை அதன் பின் குறையுங்கள். கூட்டும்போது எக்ஸாஸ்ட் முதலில். வரிசை மாறினால் சில நிமிடங்களுக்கு அறைக் காற்று நடைவழிக்குப் பாயும்.

எதை மாற்றினாலும் புகைக் குழாயால், அதாவது காற்றின் திசையைக் காட்ட மெல்லிய புகை விடும் சிறு குழாயால், சோதியுங்கள். கதவை மூடி, வெளியே நின்று, கதவின் அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் புகையை மெதுவாக விடுங்கள். இழை வளைந்து கதவுக்கடியில் நுழைய வேண்டும். அப்படியே மிதந்தாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ அறையை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். நோயாளி இருக்கும் நாட்களில் தினமும் இதைச் செய்ய வேண்டும், சுவரில் அழுத்தமானி இருந்தாலும் சரி. உள்ளே கழிப்பறை இருந்தால் அதன் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.