ஸ்டிக்கர் பொட்டும் ஒரு சார்ட் பேப்பரும்: தெருச் சீண்டலுக்கு எதிராகக் குழு தொடங்குவது எப்படி

ஊர்வலம், பேனர், மெழுகுவர்த்தி எதையும் முதலில் யோசிக்க வேண்டாம். ஐந்தாறு பெண்கள் உட்கார ஒரு திண்ணை கிடைத்தால் போதும். எங்கள் ஊரில் இது தொடங்கியதே மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில்தான். தவணைக் கணக்கு முடிந்து நோட்டை மூடும்போது ஓர் அக்கா, தன் மகள் இப்போதெல்லாம் 8 மணி பஸ்ஸை விட்டுவிட்டு 7.10-க்கே கிளம்பிவிடுகிறாள், காலைச் சாப்பாடுகூட இல்லை என்று அலுத்துக்கொண்டார். ஏனாம் என்று கேட்டால், ‘கூட்டமா இருக்குதாம்.’ இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அதே பஸ்ஸை விட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கூட்டம் என்ன நேற்று இன்றா இருக்கிறது?

பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் வெட்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: செல்போன் பறிபோகும், அண்ணன் கூடவே வருவான், இன்னும் கொஞ்சம் போனால் படிப்பு நின்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தப்பு செய்தவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், இவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அதனால் குழுவின் முதல் வேலை நம் வீட்டுக்குள்தான். வருகிற ஒவ்வொரு அம்மாவும், முடிந்தால் அப்பாவும், ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: என்ன தெரியவந்தாலும் பிள்ளையின் படிப்பிலோ வேலையிலோ போனிலோ கை வைக்க மாட்டோம். இதை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. இந்தக் கையெழுத்து இல்லாமல் அடுத்த வேலைக்குப் போகவே போகாதீர்கள், இல்லையென்றால் நீங்கள் திரட்டும் தகவலெல்லாம் அந்தப் பிள்ளைகளை அடைத்துவைக்கத்தான் பயன்படும்.

அப்புறம் வரைபடம். பெரிய சார்ட் பேப்பரில் ஊரை வரையுங்கள்: பஸ் ஸ்டாப், பள்ளி, டாஸ்மாக், ரேஷன் கடை, டியூஷன் சென்டர், கோயில், வாய்க்கால் பாலம். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, தனக்கு ஏதாவது நடந்த இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். காலையில் என்றால் சிவப்பு, சாயந்திரம் பச்சை, இருட்டிய பிறகு கறுப்பு. பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டாம். வாய்விட்டுச் சொல்ல முடியாதவள்கூட ஒரு பொட்டு ஒட்டிவிடுவாள். எங்கள் கூட்டத்தில் அறுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் சத்தமில்லாமல் வந்து, பழைய சினிமா கொட்டகை இருந்த இடத்தில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். கொட்டகையை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இதே யோசனையை எகிப்தில் ஹராஸ்மேப் என்ற அமைப்பு 2010-லும், இங்கே சேஃப்சிட்டி என்ற அமைப்பு 2012 டிசம்பரில் நடந்த டெல்லிக் கொடுமைக்குப் பிறகும் இணையத்தில் பெரிதாகச் செய்யத் தொடங்கின. ஒரு சின்ன ஊருக்கு சார்ட் பேப்பரே போதும், சுருட்டி எடுத்துப்போய் அதிகாரியின் மேஜையில் விரித்துக் காட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 18 வயது நிறையாத பிள்ளை, நடந்ததை உங்களிடம் சொல்லியும்விட்டாள் என்றால், அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம். தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டு வழி கேளுங்கள். ‘நாமளே பேசி முடிச்சிடலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

பொட்டுகள் குவிந்த இடத்துக்கு, அதே நேரத்தில், நாலைந்து பேராக நடந்து போங்கள். டெல்லியில் ஜாகோரி அமைப்பு இப்படி நடந்துதான் பாதுகாப்புத் தணிக்கை செய்கிறது. எந்த விளக்கு எரியவில்லை, எந்த முள்செடி பாதையை மறைக்கிறது, கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். கம்பத்தில் எண் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்காக மின்வாரிய ஆபீஸுக்கு ஓட வேண்டாம், அதைப் பராமரிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சியின் வேலை. ‘போதிய வெளிச்சம் இல்லை’ என்று எழுதிய மனு ஃபைலுக்குள் தூங்கும். இந்தக் கம்பம், இந்த எண், இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று எழுதினால் யாராவது ஏணியோடு வந்தாக வேண்டும். கிராமம் என்றால் கிராமசபையில் தீர்மானமாகவே எழுத வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். பதில் வரவில்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

விளக்கைவிட முக்கியம், அந்த இடத்தில் காலையிலிருந்து இரவுவரை இருப்பவர்கள். டீக்கடை அண்ணன், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்ட். இவர்களிடம் போய் ‘பெண்கள் பாதுகாப்பு’ என்று பெரிதாகப் பேசினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள்: பிள்ளைகள் யாராவது வந்து கடைக்குள் நின்றால் ஏன் என்று கேட்காமல் நிற்க விடுங்கள், இந்த நம்பருக்கு ஒரு போன் அடியுங்கள். அவ்வளவுதான். எங்கள் பூக்காரம்மா அதற்கு மேலேயே செய்கிறார், எவனாவது வந்து ஒரு பிள்ளையை உரசிக்கொண்டு நின்றால் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் அவன் காலில் நன்றாகத் தெளித்துவிடுவார்.

பஸ்ஸுக்குள் நடந்தால்? கண்டக்டருக்கு இதில் சட்டப்படியே கடமை இருக்கிறது. 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி தெருச் சீண்டலில் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. முதலில் அதன் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது. 2002-இல் அதை எடுத்துவிட்டுப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று மாற்றினார்கள். நாமும் அந்த வார்த்தையை விட்டுவிடலாம், என்னவோ விளையாட்டு மாதிரி தொனிக்கிறது. பஸ்ஸில் பாதிக்கப்பட்டவர் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கோயில், தியேட்டர், கல்லூரி நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. 2025-இல் திருத்தம் செய்து தண்டனையை ஐந்து வருஷம்வரை கூட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் அச்சடித்து டிப்போ மேனேஜரிடம் கொடுத்து, கண்டக்டர்களிடம் பேச அரை மணி நேரம் கேளுங்கள். பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

கண்ணெதிரே நடக்கும்போது என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். அவனிடம் சண்டைக்குப் போவதுதான் வழி என்று நினைத்துக்கொண்டு, அதற்குத் தைரியம் இல்லாமல் பேசாமல் நின்றுவிடுகிறோம். அவனைப் பார்க்கவே வேண்டாம், அவளிடம் போங்கள். ‘ஏம்மா, நீ செல்வி அக்கா பொண்ணுதானே, அம்மா எப்படி இருக்காங்க?’ செல்வி அக்கா யாரென்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, இருந்தாலும் சட்டென்று புரிந்துகொள்வாள். பஸ்ஸில் என்றால், ‘இங்க வந்து உட்காரு பாப்பா’ என்று இடம் கொடுங்கள். போனில் படம் எடுத்தால் அதை அவளிடம் கொடுங்கள், அவள் சொல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு நிமிஷம் கூட நின்று, புகார் கொடுக்க வேண்டுமா, வீட்டுவரை வரவா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதையெல்லாம் கூட்டத்தில் நடித்துப் பழகுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த வசனம்தான் நிஜத்தில் வாயில் வரும்.

போலீஸுக்குப் போவதென்றால் எழுத்தில் போங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ‘எங்க லிமிட் இல்லை’ என்றால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். இப்போதைய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ்.-இல் (பாரதிய நியாய சன்ஹிதா) பின்தொடர்வது பிரிவு 78, கேவலமான பேச்சும் சைகையும் 79, தொட்டால் 74. பஸ் ஸ்டாண்டில் மஃப்டியில் பெண் போலீஸ் வேண்டும் என்று கேட்க உங்களிடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, 2012 நவம்பர் 30 தேதியிட்டது. அந்த வழக்கு எங்கிருந்து போனது தெரியுமா? தென்காசி பஸ் ஸ்டாண்டில் கணவரோடு நின்ற ஒரு பெண்ணிடம் வம்பு செய்ததாக வேலையிழந்த காவலர் ஒருவர் தொடர்பானது அது.

இனி, செய்யக் கூடாதவை. ஊர் கூடிவிட்டால் யாராவது ஒருவர் ‘நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்’ என்பார். அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். அதைவிட மோசம், பையன் வேறு தெரு, வேறு சாதி என்றால் பேச்சு ராத்திரியோடு ராத்திரியாக ‘எங்க பொண்ணு, உங்க பையன்’ என்று மாறிவிடும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதனால்தான் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் பெண்கள் இருக்க வேண்டும், காலனிப் பெண்களை ‘அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்று தள்ளிவைத்தால் குழுவே ஒருபக்கச் சேனையாகிவிடும். வாட்ஸ்அப்பில் பையன் போட்டோவைப் போடாதீர்கள். பார்க்கிலும் பாலத்திலும் பேசிக்கொண்டிருக்கும் ஜோடிகள் நம் வேலையே இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் அப்படி ஒரு பெண்ணின் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். மறுவாரம் கல்லூரிப் பிள்ளைகள் ஒருத்திகூடக் கூட்டத்துக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு, அந்த நோட்டில் இன்னொரு வரி சேர்த்து, அவர்களைத் திரும்ப அழைத்துவர நாலு மாதம் ஆனது.

பையன்களிடம் பேச நாம் போனால் உபதேசம் ஆகிவிடும். அவர்கள் யார் பேச்சைக் கேட்பார்களோ அவரைப் பிடியுங்கள், பெரும்பாலும் கபடி அல்லது கிரிக்கெட் கோச்தான். மும்பையில் பரிவர்த்தன் திட்டம் கிரிக்கெட் கோச்சுகள் வழியாகத்தான் பையன்களிடம் பேசியது.

மூன்று மாதம் கழித்துப் புது சார்ட் பேப்பரில் மறுபடி பொட்டு ஒட்டச் சொல்லி, பழையதன் பக்கத்தில் மாட்டுங்கள். எங்களுக்கு பஸ் ஸ்டாப்பில் சிவப்பு குறைந்திருந்தது, வாய்க்கால் பாலத்தில் கறுப்பு கூடியிருந்தது. அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை ஒன்றும் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அங்கே நடக்கப் போகிறோம், டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு.