சேலத்திலிருந்து கடற்கரைக்கு: பறவையும் ஆமையும் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இருப்பவர்களுக்கு மலை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிபனை முடித்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. எந்த மாதம் போனாலும் பகோடா பாயிண்ட் அங்கேயே இருக்கும். லேடீஸ் சீட்டில் மேகம் மூடியிருந்தால் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும், கீழே ஊர் தெரியும். இதே பழக்கத்தோடுதான் நம் ஆட்கள் கடலுக்கும் கிளம்புகிறார்கள். ஆனால் கடற்கரையில் நாம் பார்க்க ஆசைப்படும் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூநாரை (ஃபிளமிங்கோ) மாதம் பார்த்து வரும். ஆமை இருட்டு பார்த்துக் கரையேறும். சதுப்பில் இருக்கும் நண்டு தண்ணீர் வற்றினால்தான் வெளியே வரும். கோடியக்கரைக்கும் பிச்சாவரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே எல்லாம் இருக்கிறது. போன நேரம்தான் சரியில்லை.

முதல் தவறு, பள்ளி லீவு விட்டதும் மே மாதத்தில் போவது. ஏற்காட்டுக்கு அது மலர்க்கண்காட்சி மாதம். கோடியக்கரைக்கு அது வெறும் வெயில் மாதம். வெளிநாட்டுப் பறவைகள் அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரைதான் இருக்கும். அதிலும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நடந்துகொண்டிருக்கும், புயல் வரக்கூடிய காலமும் அதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்தன, விலங்குகளும் செத்தன. அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது என்பேன். பொங்கல் லீவு சரியாகப் பொருந்தும்.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருப்பது ஒரு கடல் இல்லை, இரண்டு. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்பக்கம் கொந்தளிக்கும், வடபக்கம் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். காற்று எந்தப் பக்கம் என்று கேட்காமல் படகுப் பயணத்தை முடிவு செய்தால், போனதும் "இன்றைக்குப் படகு இல்லை" என்ற பதிலோடு நிற்க வேண்டியதுதான். நாம் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார். "ஐயா, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது, நாளின் எந்தப் பொழுதில் போய் இறங்குகிறோம் என்பது. சேலத்திலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கோடியக்கரை சுமார் 300 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தால் உச்சிவெயிலில் போய்ச் சேருவோம். அந்த நேரத்தில் வெளிமான் நிழலில் படுத்துவிடும். உப்புச் சதுப்புக்கு மேலே கானல் எழுந்து, தூரத்தில் இருக்கும் பறவை எது என்றே புரியாது. முந்தின நாளே போய் வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடியும்போது உள்ளே போக வேண்டும். சரணாலயம் திறக்கும் நேரத்தையும் உள்ளே போக அனுமதியையும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில் கிடா மானின் கறுப்பு முதுகும் முறுக்கிய கொம்பும் புல்வெளியில் தனியாகத் தெரியும். சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பெட்டைகள் மேயும். 1967-இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததற்கு இந்த மான்களும் முக்கியக் காரணம். 2002-இல் இது ராம்சர் ஈரநிலமும் ஆனது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

வேதாரண்யத்தோடு சேலத்துக்கு ஓர் உறவும் உண்டு. நம் ஊரில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1930-இல் திருச்சியிலிருந்து நடந்து போய் உப்பு எடுத்த ஊர் அது. அந்தப் பகுதி உப்பளங்களில் இன்றும் பறவைகள் இரை தேடும். ஆனால் அவை பலருடைய பிழைப்பு நடக்கும் இடம். கேட்காமல் வரப்பில் ஏறி நடக்காதீர்கள், வரப்பு உடைந்தால் பல நாள் உழைப்பு போய்விடும். சதுப்புக்குள் இறங்குவது அதைவிடத் தவறு. மேலே காய்ந்து வெடித்திருப்பதுபோல் தெரியும் சேறு உள்ளே முழங்கால் வரை இழுத்துவிடும்.

பூநாரையை நெருங்குவது

இந்தத் தவறு மட்டும் பறவையின் உயிரையே பாதிக்கும் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பூநாரை சாப்பிடுவதைத் தொலைநோக்கியில் நிதானமாகப் பாருங்கள். நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். நாக்கு முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் சின்னச்சின்ன இறால் வகை உயிர்களும் பாசியும் தங்கிவிடும். இடையிடையே காலால் சேற்றைக் கிளறும். அந்த இளஞ்சிவப்பு நிறமே இந்த இரையிலிருந்துதான் வருகிறது. ஒரு வாய் இரைக்கு இவ்வளவு வேலை என்பதால் பகலில் நெடுநேரம் இப்படியே மேய்ந்தாக வேண்டும்.

நாம் கிட்டே போகப் போக முதலில் தண்ணீருக்குள் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அங்கேயே நின்றுவிட வேண்டும். எல்லாத் தலையும் நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நாம் எல்லை மீறிவிட்டோம், பின்னால் வர வேண்டும். பலர் அதைப் பார்த்ததும் கைதட்டி ஓடுவார்கள், பறக்கும் படம் வேண்டுமாம். கூட்டம் தண்ணீரின் மேல் ஓடி எழும்பிப் போய்விடும். அன்று தின்றது அந்தப் பறத்தலிலேயே கரைந்துவிடும். தனுஷ்கோடியில் சாலையிலிருந்தே பூநாரை தெரியும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை அதிகம். 2025-இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ட்ரோன் பறக்கவிடுவது இன்னும் கொடுமை. மேலிருந்து வரும் எதையும் பறவை வேட்டைப் பறவையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பூநாரையையே பார்த்துக்கொண்டு அதன் காலடியில் ஓடும் சின்னப் பறவைகளைக் கவனிக்காமல் விடுவதும் பெரிய இழப்பு. கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. எடை சாதாரணமாக 30 கிராமுக்குள்தான். வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கரைக்கு வருகிறது. திரும்பிப் போகும் முன் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். மார்ச் மாதத்தில் அதை விரட்டினால் அந்தப் பயணத்தில்தான் கைவைக்கிறோம். பறவை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் இப்படிப்பட்ட பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுவதால்தான் இவற்றின் பயணம் நமக்குத் தெரிகிறது.

உள்ளான்களை அடையாளம் காண்பது முதலில் கஷ்டம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதற்கு நம் ஊரிலேயே பழகலாம். குளிர்காலத்தில் மூக்கனேரிக் கரையிலோ பனமரத்துப்பட்டி ஏரியிலோ ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கி போதும். ஓடும் பறவையைக் கண்ணில் பிடித்து நிறுத்தப் பழகியபின் கடலுக்குப் போனால் பார்ப்பது இரண்டு மடங்காகும்.

குரங்குக்குத் தீனி போடும் பழக்கம் ஏற்காட்டு ரோட்டில் நாம் பழகிக்கொண்டது. கோடியக்கரையிலும் அதே நாட்டுக்குரங்குதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் போடக்கூடாது. தீனிக்குப் பழகிய குரங்கு வண்டிக்காகக் காத்திருந்து ரோட்டில் அடிபட்டுச் சாகும்.

காலண்டரைப் பார்க்காமல் கிளம்புவது

பிச்சாவரம் அலையாத்திக் காடு நமக்குப் பக்கம்தான், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் போய்விடலாம். அங்கே போகிறவர்கள் கேட்காத கேள்வி, தண்ணீர் ஏற்றமா வற்றமா என்பது. ஒரு நாளில் கடல் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். அந்த நேரம் தினமும் 50 நிமிஷம் போலத் தள்ளிப்போகும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான சேற்று நிலத்தில் அதுவே பெரிய பரப்பைத் திறந்து மூடிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே நாளை முடிவு செய்துவிடலாம், நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் நிறைந்திருக்கும்போது படகு குறுகிய ஓடைகளுக்குள்ளும் போகும், மேலே கிளைகள் கூரைபோல் மூடியிருக்கும். படம் எடுக்க அது அழகு. உயிர்களைப் பார்க்க வேண்டும் என்றால் வற்றும் நேரம்தான். சேறு தெரிய ஆரம்பித்ததும் வெண்கண்டல் மரத்தைச் சுற்றி மூச்சுவேர்கள் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்பது தெரியும். காற்றே இல்லாத சேற்றில் வேர் மூச்சு விட அதுதான் வழி. அதற்கு நடுவே ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டும். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கை, பெட்டையைக் கூப்பிடவும் மற்ற ஆண்களை விரட்டவும். பக்கத்திலேயே துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும் மீன்கள் இருக்கும். இதற்கு மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். சத்தத்தில் எல்லாம் வளைக்குள் போய்விடும்.

அங்கே கிளையை ஒடிக்கவும் கூடாது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை அந்தக் காட்டில்தான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். படகிலிருந்து கை நீட்டி இலை பறிக்கும் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள்.

தோட்டத்துக் கிணற்றிலும் மேட்டூர்க் காவிரியிலும் நீச்சல் பழகியவர்கள் கடலையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அலை கரையில் கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு பள்ளத்தின் வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்திருக்க, நடுவில் மட்டும் கருமையாக, அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். இழுத்துப் போவதும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். தனுஷ்கோடி முனையில் இறங்கவே இறங்காதீர்கள். ஆழமில்லாத நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். சொறிமீன் பட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

சங்கும் பவளமும் வாங்கி வருவது

கடலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவதா என்று கேட்பார்கள். கரையில் காலியாகக் கிடக்கும் சங்கு ஓட்டில் துறவி நண்டு குடியேறும். அதற்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளர வேறு ஓடு தேட வேண்டும். குழந்தை ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைக்கட்டும், பையை நிரப்ப வேண்டாம். கடையில் விற்கும் பவளத்துண்டும் காய்ந்த கடல்குதிரையும் வேறு விஷயம். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. வாங்குகிறவரும் குற்றவாளிதான்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போய், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் தனியார் படகுக்காரர் யாராவது "தீவில் இறக்கி விடுகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வனத்துறை அனுமதித்த படகில் மட்டும் போங்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்.

கடைசியாக ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கரையேறி முட்டையிடும். பின்னங்கால்களால் மாறி மாறி மணலை அள்ளிக் குழி பறித்து, 100 முட்டை போல இட்டு, மூடி, உடம்பால் அழுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பும். குழி பறிக்கும் முன் டார்ச் அடித்தால் முட்டையிடாமலே போய்விடும். 45 நாளுக்கு மேல் ஆனபின் வெளிவரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். இருட்டுக் கரையில் கடல்தான் வெளிச்சம். நாம் செல்போன் விளக்கைப் போட்டால் நம்மை நோக்கி வரும். அதனால் தனியாகத் தேடிப் போகாதீர்கள். சென்னையில் மாணவர் குழு ஒன்று 1980களிலிருந்து இரவில் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது, பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். கோடியக்கரையில் வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது. பகலில் கரையில் குஞ்சு ஒன்று தனியாகக் கிடப்பதைப் பார்த்தாலோ, வலையில் அடிபட்ட ஆமையோ கடல்பசுவோ ஒதுங்கியிருந்தாலோ, தூக்கிச் செல்ஃபி எடுத்துக் கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம். நிழல் கொடுத்து, கூட்டத்தை விலக்கி நிறுத்தி, பக்கத்திலுள்ள மீனவர்களிடமும் வனத்துறையிடமும் உடனே சொல்லுங்கள்.