பிக்கப் பிரேக் ஆயில்: முதலில் டப்பாவை உறிஞ்சுங்கள்

வீட்டிலேயே பிக்கப்பின் பிரேக் ஆயிலை மாற்றப் போகிறீர்களா? சக்கரத்தில் கை வைக்கும் முன், பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் உள்ள பழைய ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அப்புறம்தான் சக்கரத்தருகே பழைய ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நட்டைத் திறந்து, பெடலை மிதிக்க வேண்டும். அடியில் கொஞ்சம் விட்டுவையுங்கள். டப்பாவின் அடித்துளை வெளியே தெரிந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும்.

டப்பாவில் தேங்கிய கறுத்த ஆயிலை அப்படியே விட்டால், அது முழுவதும் நான்கு சக்கரக் குழாய்களுக்குள்ளும் ஓடித்தான் வெளியேறும். பிக்கப்பில் பின்சக்கரக் குழாய் இன்னும் நீளம். புதிய ஆயிலும் வீணாகும், பெடல் மிதிப்பவருக்குக் காலும் வலிக்கும். கோலாலம்பூர் மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரகத்தின் கொதிநிலை வரம்பு புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140தான். பாரத்தோடு கெந்திங் மலை இறங்கும்போது பிரேக் சூடேறும், அப்போது அந்த வித்தியாசம் பெரிது. மீதமான பழைய பாட்டிலையும் ஊற்றாதீர்கள், திறந்து வைத்ததும் ஈரம் இழுத்திருக்கும்.

டப்பாவை மட்டும் மாற்றினால் போதாது, சக்கரத்தருகே உள்ள பழையது அங்கேயேதான் இருக்கும். பெடல் மெத்தென்று அமுங்கினாலோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்குள் காற்று போயிருந்தாலோ, பிரேக்குக்கு மின்பம்ப் உள்ள வண்டியாக இருந்தாலோ இந்த வழி சரிவராது, பட்டறைக்கே கொண்டுபோங்கள். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.