கிளிப்போர்டு பிடித்த கையால் கோச்சிங்: ஒரு ரிசர்வ் குவார்ட்டர்பேக்கின் குறிப்புகள்

என்.எஃப்.எல். என்ற அமெரிக்க ஃபுட்பால் தொழில்முறை லீக்கில் ஆறு வருடத்தில் நான்கு அணி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்று ஆள் நான். முதல் ஆளாக இறங்கியது இரண்டே ஆட்டம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் தலையில் தொப்பி, கையில் கிளிப்போர்டு. ஏழாவது கோடையில் ஏஜென்ட் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அதே நிலையில் இருக்கும் யாராவது கல்லூரி கோச்சிங் பக்கம் வர நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் பெட்டியில் கிடக்கும் பழைய நோட்டுகளை எடுங்கள். ரிசர்வ் ஆளின் சொத்தே அதுதான். பந்து பிடிக்கும் ரிசீவர்கள் நான்கு பேரும் நேராக ஆழத்துக்கு ஓடும் அந்த ஒரே ஆட்டத்திட்டத்துக்கு, நான் போன ஒவ்வொரு அணியிலும் ஒரு பெயர். பத்து வருடம் ஒரே அணியில் நட்சத்திரமாக இருந்தவருக்கு ஒரு மொழிதான் தெரியும், நமக்கு நான்கு. எந்த ஆட்டத்திட்டத்துக்கு எங்கே என்ன பெயர், எந்த டிஃபென்ஸிடம் எடுபட்டது என்று ஒரே நோட்டில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இன்டர்வியூவில் அதுதான் கைகொடுக்கும். என்னிடம் மார்க்கரைக் கொடுத்து, "மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு கஜம் போக வேண்டும். எதிரணிக் காவலர்களில் நடு லைன்பேக்கரும் ஸ்லாட் கார்னரும் சேர்ந்து குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறார்கள். யார் யாரைத் தடுப்பது, பந்து எங்கே போகும்?" என்றார்கள். அரை மணி நேரம் போர்டிலேயே நின்றேன். புள்ளி தரும் டச்டவுன் பாஸ் எத்தனை எறிந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மூன்றுதான்.

பதவியில் கௌரவம் பார்க்காதீர்கள். என்னைப் போன்ற ரிசர்வ் குவார்ட்டர்பேக்கான கிளிஃப் கிங்ஸ்பரி, என்.எஃப்.எல். அணிகளான பேட்ரியட்ஸ், செயின்ட்ஸ், ஜெட்ஸ் என்று சுற்றி, கனடாவரை போய் ஆடியவர். 2008-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் நுழைந்தது குவாலிட்டி கன்ட்ரோல் என்ற அடிமட்ட வேலையில். 2013-ல் டெக்சஸ் டெக்கின் ஹெட் கோச். இன்னொரு முன்னாள் குவார்ட்டர்பேக் ஜெஃப் பிராம் 2002-ல் ஒரு சின்ன உள்ளரங்க லீக்கில் கோச்சாகத் தொடங்கி, அடுத்த வருடம் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பல ஊர் சுற்றி 2023-ல் அங்கேயே ஹெட் கோச்சாகத் திரும்பினார்.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்ற உதவிக் கோச் வேலை என்றால் மேற்படிப்பில் சேர்ந்தாக வேண்டும். கட்டணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கைச்செலவுக்குக் கொஞ்சம் வரும். ஆட்டப் பதிவுகளை அலசும் அனலிஸ்ட் வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்பெல்லாம் அனலிஸ்ட் மைதானத்தில் வீரருக்குப் பாடம் சொல்லக் கூடாது, 2024-ல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை எடுத்துவிட்டது. சரி, ஆள் பழக்கம்? ஜனவரியில் நடக்கும் கோச்சுகள் சங்க மாநாட்டுக்குப் போங்கள். மேடைப் பேச்சை விட்டுவிட்டு ஹோட்டல் லாபியில் நில்லுங்கள். வேலை அங்கேதான் பேசி முடிகிறது.

சேர்ந்ததும் கார்டு வரைவீர்கள். எதிரணியின் ஆட்டத்திட்டங்களை ஒவ்வொன்றாக விசியோ என்ற மென்பொருளில் வரைந்து, அச்சடித்து, பயிற்சியில் எதிரணிபோல ஆடிக் காட்டும் ஸ்கவுட் டீம் முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை சேஃப்டி என்ற கடைசி வரிசைக் காவலரின் அம்பை வலப்பக்கம் போடுவதற்குப் பதில் இடப்பக்கம் போட்டுவிட்டேன். பந்தோடு தாக்கும் எங்கள் அஃபென்ஸ் மொத்தமும் அந்த ஆட்டத்திட்டத்தைத் தப்பாகவே பழகியது. அப்புறம் இரண்டு வாரத்துக்கு என் கார்டை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியே விட்டார்கள்.

என்.எஃப்.எல். பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, ஹாஷ் கோடு. பந்தை வைத்துத் தொடங்கும் இடம் இந்த இரண்டு கோட்டு வரிசைக்குள்தான் இருக்கும். அங்கே இரண்டு ஹாஷுக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம்; கல்லூரியில் 40 அடி. பந்து இடது ஹாஷில் இருந்தால் வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி. ரிசீவர் எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பி ஓடும் அவுட் ரூட்டை நான் யோசிக்காமல் எழுதிக்கொடுத்தேன். அதை அந்த அகலப் பக்கம் எறிந்தால், பத்தொன்பது வயதுப் பையனின் பந்து காற்றில் தொங்கும். எதிரணிக் காவலனான கார்னர் சாவகாசமாக வந்து பறித்துக்கொண்டு போவான்.

இன்னொன்று, நேரம். சீசனில் மீட்டிங், ஃபிலிம், பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு வீரருக்கு வாரம் 20 மணி நேரம்தான், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இது தெரிந்தும் முதல் மீட்டிங்கில் என் குவார்ட்டர்பேக் பையனுக்கு ஒரே ஆட்டத்திட்டத்துக்குப் பதினொரு குறிப்பு சொன்னேன். பையன் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டான். மறுநாள் ஸ்னாப் வாங்கி, அதாவது பந்து கைக்கு வந்ததும் சிலையாக நின்றுவிட்டான். இப்போது இரண்டே கேள்விதான்: சேஃப்டி எங்கே நிற்கிறான்? உன் முன்னங்கால் எங்கே பார்க்கிறது? இந்த இரண்டும் சரியாகும்வரை மூன்றாவதைப் பேசுவதில்லை.

கடைசியாக, கை அரிக்கும். எனக்கு முதல் வசந்தகாலப் பயிற்சியில் அரித்தது. பையன் இரண்டு முறை தவறவிட்ட பந்தை வாங்கி நானே எறிந்து காட்டினேன். ரிசீவர் நெஞ்சில் போய் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து மைதானத்தில் என் வலது கையில் எப்போதும் கார்டுக் கட்டு இருக்கும்.